குறைந்த பிறப்பு நிறைக் குழந்தைக்கு ஒரு குரோசேத் தொப்பி

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
- குரோசேக்கும் ஊசிப் பின்னலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுவீர்கள்.
- சிசுவுக்குத் தொப்பி தேவைப்படும் காரணத்தை விளக்குவீர்கள்.
- அளவுக்கேற்பத் தையல்களைக் கணிப்பீர்கள்.

1. அறிமுகம்

கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள குறிஞ்சிப்பிட்டி போன்ற கரையோர ஊர்களில் வலை பின்னும் கைகளைப் பார்த்திருப்பீர்கள். வலையின் ஒவ்வொரு கண்ணும் முடிச்சால் கட்டப்படுகிறது. ஆதலால் ஒரு கண் அறுந்தாலும் மற்றவை குலைவதில்லை. குரோசேயும் ஊசிப் பின்னலும் முடிச்சின்றி, வளையத்துக்குள் வளையத்தை இழுத்துச் செய்யப்படுவன. குரோசேயில் ஒரு கொளுக்கி ஊசியும் பொதுவாக ஒரு திறந்த வளையமும் இருக்கும். ஊசிப் பின்னலில் இரண்டு ஊசிகளும் பல திறந்த வளையங்களும் இருக்கும். எனவே தொடக்கநிலை மாணவருக்குக் குரோசே இலகுவானது.

2. வெப்பமான ஊரில் தொப்பி எதற்கு?

பலர் பிழையாக விடை எழுதும் இடம் இது. சிசுவின் சாதாரண உடல் வெப்பநிலை 36.5 – 37.5 பாகை செல்சியஸ் ஆகும். அறையின் வெப்பநிலை 30 பாகை எனினும் அது சிசுவின் உடலைவிடக் குளிரானதே. பிறந்தவுடன் உடல் ஈரமாக இருப்பதால் வெப்பம் மேலும் விரைவாக இழக்கப்படும். சிசுவின் உடல் மேற்பரப்பில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு தலையாகும். 2500 கிராமுக்குக் குறைந்த நிறையுடன் பிறக்கும் குழந்தையிடம் கொழுப்புப் படை குறைவு. அக்குழந்தைக்கு உடற்சூடு குறைதல் உயிராபத்தாகவும் முடியலாம்.

1978 இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், சிசுக்களுக்குச் சூடளிக்கும் கருவிகள் போதாமையால், குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கும் முறை தொடங்கியது. இது 'கங்காரு தாய்ப் பராமரிப்பு' எனப்படும். இம்முறையில் குழந்தைக்கு அணிவிக்கும் சிறிய உடைகளுள் தொப்பி முக்கியமானது.

3. செய்முறை

தேவையானவை: மென்மையான பருத்தி நூல், 3 மில்லிமீற்றர் கொளுக்கி ஊசி, அளவுநாடா.

படி 1: சிறு மாதிரித் துண்டு பின்னி, 10 செ.மீ. இல் உள்ள தையல்களை எண்ணுக. 20 தையல் எனக் கொள்வோம்.
படி 2: தலைச் சுற்றளவு 32 செ.மீ. எனின், தொப்பி இழுபடுமாதலால் 30 செ.மீ. போதும். 30 × 20 ÷ 10 = 60 தையல்.
படி 3: ஒரு வளையத்துள் 6 தையலுடன் தொடங்கி, சுற்றுக்கு 6 தையல் வீதம் கூட்டுக (6, 12, 18 ...). 10 ஆவது சுற்றில் 60 வரும்.
படி 4: பின்னர் கூட்டாது பின்னுக. உச்சி நடுவிலிருந்து விளிம்புவரை ஏறத்தாழ 12 செ.மீ. வந்ததும் நூல் நுனியை உட்புறம் உறுதியாகச் செருகுக.

4. கவனத்திற் கொள்க

- பொத்தான், மணி, நாடா வேண்டாம். அவை கழன்று வாய்க்குள் செல்லலாம், கழுத்தை இறுக்கலாம்.
- கொடுக்குமுன் கழுவி, வெயிலில் நன்கு உலர்த்துக.
- பின்னத் தொடங்குமுன் வைத்தியசாலையின் மகப்பேற்று விடுதியில் தேவையையும் அளவையும் கேட்டறிக.
- அளவுக்கு மீறிய சூடும் தீங்கே. தொப்பியை எப்போது அணிவிப்பது, எப்போது கழற்றுவது என்பதைத் தாதியரோ மருத்துவமாதோ கூறுவார்.

2013 இல் டென்மார்க்கில் குறைமாதக் குழந்தைகளுக்குக் குரோசேயில் சிறு சாக்குக்கணவாய்ப் பொம்மைகள் பின்னிக் கொடுக்கத் தொடங்கினர். அவற்றின் கால்கள், இழுத்து அளந்தாலும், 22 செ.மீ. ஐ விஞ்சலாகாது என விதித்தனர். ஆகவே நாம் விரும்பிய அழகைவிடப் பெறுபவரின் பாதுகாப்பே முதன்மையானது. அளவு பிழைத்த அன்பளிப்பு அலுமாரியிலேயே கிடக்கும்.

5. மாதிரி வினா

10 செ.மீ. இல் 20 தையல் வரும் நூலில் 27 செ.மீ. சுற்றளவுள்ள தொப்பிக்கு எத்தனை தையல் தேவை? எத்தனையாவது சுற்றில் கூட்டுவதை நிறுத்துவீர்?

விடை: 27 × 20 ÷ 10 = 54 தையல். 54 ÷ 6 = 9. எனவே 9 ஆவது சுற்றுடன் கூட்டுவதை நிறுத்த வேண்டும்.

பயிற்சி: "எமது ஊர் வெப்பமானது, ஆகவே சிசுவுக்குத் தொப்பி தேவையில்லை." இக்கூற்றை மறுத்து மூன்று காரணங்கள் எழுதுக.