ஈயம் இல்லாத ஈயக்கோடு

ஜன்னலுக்குக் கிளாஸ் பெயின்டிங் செய்யப் போகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த ஜன்னலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். வானம் தெரிந்தால் அதிர்ஷ்டம். எங்கள் குடியிருப்பில் உள்ளதுபோல நாலடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவரும் கழிவுநீர்க் குழாயும் நின்றால், எவ்வளவு நல்ல நீலத்தைப் பூசினாலும் குழாயும் சேர்ந்தேதான் தெரியும். குளியலறைக்கும் மாடிப்படிக்கும் போடுவார்களே, அந்தப் பூப்போட்ட கண்ணாடி இதற்குக் கைகொடுக்கும். ஒரு பக்கம் மேடுபள்ளம், மறுபக்கம் வழுவழுப்பு. வழுவழுப்பான பக்கத்தில் வரைந்தால், பின்பக்கத்து மேடுபள்ளம் வெளிச்சத்தைச் சிதறவிட்டு நிறத்தைச் சீராகக் காட்டும். வெறுங்கண்ணாடியாக இருந்தால் பின்னால் ஒரு பட்டர் பேப்பரை ஒட்டிப் பாருங்கள், வித்தியாசம் உடனே புரியும்.

அடுத்தது படம். ஒரு மயிலை ட்ரேஸ் எடுத்து, சுற்றிலும் கறுப்புக் கோடு இழுத்து, உள்ளே நிறத்தை நிரப்பினால் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரிதான் இருக்கும். அசல் நிறக்கண்ணாடி ஜன்னலில் ஒவ்வொரு நிறமும் தனியாக வெட்டிய ஒரு கண்ணாடித் துண்டு. பக்கவாட்டில் பள்ளம் விட்ட ஈயப் பட்டைகள் அந்தத் துண்டுகளைக் கவ்விப் பிடிக்கின்றன. நாம் கறுப்பாகப் பார்ப்பது அந்த ஈயத்தைத்தான். ஆகவே எந்தக் கோடும் அந்தரத்தில் முடியக் கூடாது. ஒன்று இன்னொரு கோட்டில் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் சட்டத்தைத் தொட வேண்டும். மயிலின் கொண்டையிலிருந்தும் அலகிலிருந்தும் தோகை நுனியிலிருந்தும் சட்டம் வரை கோடுகளை ஓடவிட்டு, பின்னணியையும் துண்டு போடுங்கள். உள்நோக்கி ஆழமாக வளைந்த துண்டைக் கண்ணாடி வெட்டுபவரால் உடைக்காமல் எடுப்பது கடினம். அதனால் பிறைநிலா போட்டால் அதன் குறுக்கேயும் ஒரு கோடு வரட்டும். கண், இமை, துணி மடிப்பெல்லாம் ஈயத்தால் வந்தவை அல்ல. கண்ணாடிமேல் கருஞ்சாயத்தால் தீட்டி, சூளையில் சுட்டவை. நாமும் அவற்றை மெல்லிய தூரிகையால் எழுதினால் போதும். இந்த இலக்கணத்துக்குக் கட்டுப்பட்ட படம், மலிவான கலரில் செய்தாலும் கம்பீரமாக நிற்கும்.

முதன்முறை செய்கிறவர்களுக்கு மயிலே வேண்டாம் என்பேன். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் செட்டிநாட்டு வீடுகளில் கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே நிறக் கண்ணாடி பதித்த அரைவட்டங்களைப் பாருங்கள். விசிறியாக விரியும் சில கோடுகள், மூன்று நான்கு நிறங்கள், அவ்வளவுதான். வெயில் ஏறும்போது தரையெல்லாம் நிறம் கொட்டிக் கிடக்கும்.

வேலைக்கு வருவோம். ஜன்னலில் நிற்கும் கண்ணாடியின் மேலேயே வரைய முடியாது, கலர் வழிந்து கீழே இறங்கிவிடும். கண்ணாடிக் கடையில் அளவு சொல்லி 3 மில்லிமீட்டர் கண்ணாடி வெட்டி, ஓரத்தை உரசித் தரச் சொல்லுங்கள். மேசைமேல் படுக்க வைத்து வரைந்து, காய்ந்த பிறகு ஜன்னலில் பொருத்திக்கொள்ளலாம். பூசிய பக்கம் அறைக்குள் பார்த்து இருக்கட்டும், மழைச்சாரல் படாது. எடை குறைவு என்று அக்ரிலிக் ஷீட் வாங்குகிறவர்கள் ஒரு மூலையில் சோதித்துவிட்டு இறங்கவும். சில கலர்களில் உள்ள தின்னர் அக்ரிலிக்கை அரித்து மங்கலாக்கும். கண்ணாடியை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு விரல் படக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில், கறுப்புக் கோடு போடும் லைனர் பிடிக்காமல் உரிந்து வரும்.

லைனர் டியூபின் மூக்கைக் கண்ணாடியில் உரசி இழுத்தால் கோடு பிசிறும். மூக்கு கொஞ்சம் மேலே நிற்க, கோடு இழையாகத் தானே கீழே விழ வேண்டும். கோலமாவை விரலிடுக்கில் விட்டு இழை இழுத்துப் பழகிய கைக்கு இது உடனே பிடிபடும். மூக்கில் சேரும் பிசினை அடிக்கடி துணியில் துடைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருந்தால் உயிர் இருக்காது; சட்டத்தை ஒட்டியவை தடித்தும், உள்ளே போகப் போக மெலிந்தும் இருக்கட்டும். நன்றாகக் காய்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்து, மூலைகளில் சந்து இருக்கிறதா என்று பாருங்கள். குண்டூசி முனை அளவு சந்து போதும், சிவப்பு பக்கத்து மஞ்சளுக்குள் புகுந்துவிடும்.

கலரைத் தீட்டக் கூடாது, தேக்க வேண்டும். கட்டத்தின் நடுவில் தாராளமாகச் சொட்டி, தூரிகை நுனியால் ஓரங்களுக்குத் தள்ளிவிடுங்கள். குமிழி வந்தால் ஊசியால் உடனே குத்திவிட வேண்டும். மேலே ஆடை படிந்த பிறகு குத்தினால் வடுதான் மிஞ்சும். பின்னணிக் கட்டங்களில் கலர் பாதி இறுகும் நேரத்தில் தூரிகையால் தட்டித் தட்டி எடுத்தால், பழைய தேவாலயக் கண்ணாடியின் அலையோட்டம் கிடைக்கும். நிறத்தை டப்பாவில் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். டப்பாவில் அழகான கரும்பச்சை ஜன்னலில் கறுப்பாகிவிடும், இளமஞ்சளோ காணாமலே போகும். ஒரு ஓஎச்பி ஷீட்டில் எல்லா நிறத்தையும் கொஞ்சம் கொஞ்சம் பூசி, அந்த ஜன்னலிலேயே பிடித்துப் பார்ப்பதுதான் என் பழக்கம். தின்னர் கலந்த கலர் என்றால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்போ விளக்கோ பக்கத்தில் எரியக் கூடாது.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இது வெளுக்கும். பாரிஸின் செயின்ட் சாப்பல் தேவாலயத்தில் 13ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிகள் இன்றும் ஒளிர்வதற்குக் காரணம், அங்கே நிறம் கண்ணாடிக்கு உள்ளேயே இருக்கிறது. கோபால்ட் கலந்து உருக்கிய கண்ணாடி நீலம் என்றால், அது உடையும்வரை நீலம்தான். நம்முடையது மேலே பூசிய சாயம். மேற்கு பார்த்த ஜன்னலில் ரோஸும் ஊதாவும்தான் என் வீட்டில் முதலில் போயின. அங்கே இப்போது அந்த இரண்டையும் தொடுவதில்லை. துடைப்பதற்கு உலர்ந்த மெல்லிய துணி போதும், கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே கூடாது.

வாடகை வீடா, பிள்ளைகள் கூடவே உட்கார்ந்து செய்ய ஆசைப்படுகிறார்களா? வெள்ளைப் பசை வழி இருக்கிறது. பள்ளிக் கைவேலைக்கு வாங்கும் பசையில் கறுப்பு அக்ரிலிக் பெயின்டைக் கலந்தால் லைனர் தயார். மீதிப் பசையில் ஃபுட் கலர் சில சொட்டு விட்டால் நிறங்கள் தயார். பிளாஸ்டிக் ஷீட்மேல் கனமாக ஊற்றி, ஓரிரு நாள் காயவிட்டு உரித்தெடுத்தால் கண்ணாடியில் தானே ஒட்டிக்கொள்ளும். மெல்லிசாக ஊற்றினால் உரிக்கும்போது கிழியும். மழைக்காலத்தில் ஈரம் குடித்து வெள்ளை பூத்துப்போகும், அதனால் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒட்டிவிட்டு எடுத்து வைப்பதே நல்லது. வைக்கும்போது ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். செய்தித்தாளுக்குள் வைத்தால் அச்செழுத்தோடு ஒட்டிக்கொண்டு வரும்.