வீட்டு மொழியும் பள்ளி மொழியும்

தோட்டத்துப் பெற்றோர் சிலர், பள்ளிக்குச் செல்லவிருக்கும் பிள்ளையிடம் தமிழை விடுத்து, தமக்குத் தெரிந்த அரைகுறை மலாயைப் பேசத் தொடங்குகின்றனர். நோக்கம் நல்லதே, வழிதான் சரியன்று.

பிறந்து 6 மாத அளவில், குழந்தையின் செவி தான் கேட்டிராத மொழிகளின் ஒலிகளையும் பெரும்பாலும் வேறுபடுத்தி அறியும். ஓராண்டு நிறைவதற்குள் அது வீட்டில் கேட்கும் ஒலிகளுக்கே பழகிவிடுகிறது. இலக்கணத்தை எவரும் அதற்குப் போதிப்பதில்லை. பிறர் பேசுவதைக் கேட்டுத் தானே கண்டுகொள்கிறது.

பின்னர்க் கற்கும் மொழியிலோ முதல் மொழியின் பழக்கம் குறுக்கிடும். மலாயில் காலைப்பொழுது ‘பாகி’. பேச்சில் ‘கொடு’ என்பதும் ‘பாகி’. முன்னதில் ‘பள்ளி’யின் பகரம் ஒலிக்கும், பின்னதில் ‘கம்பி’யின் பகரம் ஒலிக்கும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றே. (அச்சிடும் நமக்கும் இது சங்கடந்தான்!) ‘நான் சோறு உண்கிறேன்’ என்பதும் அங்கே ‘சாயா மாக்கான் நாசி’ என, வினைச்சொல் நடுவில் வரும். பெற்றோரின் பிழையான மலாயைக் கேட்டு வளரும் பிள்ளை அப்பிழையையே பழகிக்கொள்ளும்.

நடந்ததை வரிசையாகச் சொல்லவும் காரணம் கூறவும் தமிழில் பழகிய பிள்ளைக்கு, அத்திறன் மலாயிலும் கைகொடுக்கும். பால்வெட்டு முடிந்து திரும்பியதும் அன்றைய செய்திகளைப் பிள்ளையிடம் நல்ல தமிழில் கூறுங்கள். மலாயை ஆசிரியரிடமும், அண்டைக் கம்பத்துப் பிள்ளைகளோடு விளையாடியும் அது கற்றுக்கொள்ளட்டும்.