மேல்கோட்டை: மழை ஓய்ந்தபின் கான்கிரீட் பழுதுபார்ப்பு

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய மாடித் தளங்களிலும் சன்ஷேடுகளிலும் கான்கிரீட் பெயர்வது மார்கழியில் தெரியத் தொடங்கும். தை, மாசியே சீர்செய்ய ஏற்ற காலம். பங்குனியில் கோயிலின் வைரமுடி சேவைத் திருவிழாவுக்கு ஊர் நிரம்பும். பெயர்ந்த சன்ஷேடுக்குக் கீழே கூட்டம் நிற்கும்படி விடக்கூடாது.

கான்கிரீட் பெயரும் காரணம் ஊருக்கு ஊர் மாறும். லடாக்கிலும் கனடாவிலும் கான்கிரீட்டின் துளைகளில் புகுந்த நீர் உறைந்து, சுமார் 9 சதவீதம் பெருத்து, மேற்பரப்பைச் செதில் செதிலாக உரிக்கிறது. மேல்கோட்டையில் நீர் உறையும் குளிர் இல்லை. இங்கே கான்கிரீட்டைத் தள்ளுவது பெரும்பாலும் உள்ளிருக்கும் கம்பியின் துரு. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைக் காக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உட்புகுந்து அதைக் குறைக்கும். பிறகு ஈரம் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைக்கும். அதனால்தான் மேலே மட்டும் பூசிய சிமெண்ட் ஓரிரு மழையில் மறுபடி உதிர்கிறது.

முதலில் நீர் வரும் வழியை அடைக்க வேண்டும்: மாடியின் வாட்டம், நீர்த்தாரை, கைப்பிடிச் சுவரின் அடி. அடுத்து, சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொள்ளென்று ஒலிக்கும் பகுதி முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும். துருவேறிய கம்பியின் பின்புறமும் விரல் நுழையுமளவு திறக்க வேண்டும். கொத்தனார்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான். கம்பியைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். கம்பி கால்வாசிக்கு மேல் மெலிந்திருந்தாலோ, உத்தரமோ தூணோ பெயர்ந்திருந்தாலோ, கொத்தாமல் முட்டுக் கொடுத்துப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

பழைய கான்கிரீட்டை நன்றாக நனைத்து, மேலே நீர் தேங்காத பதத்தில், பாலிமர் கலந்த சிமெண்ட் பாலைத் தடவ வேண்டும். அது காய்வதற்குள் பாலிமர் கலவையை அழுத்தி, ஆழமான இடங்களில் அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். தை மாத இரவுக் குளிரில் கலவை மெல்லவே இறுகும். பகலில் மலைக்காற்று ஈரத்தை விரைவாக இழுத்துவிடும். ஆகவே ஈரச்சாக்கு போர்த்த வேண்டும். ஐ.எஸ். 456 நெறிமுறை சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், பொசலானா சிமெண்டுக்கு 10 நாளும் நீராற்றச் சொல்கிறது. பாக்கெட்டில் வரும் கலவைக்கு அதன்மேல் அச்சிட்ட குறிப்பே அளவு.

சுண்ணாம்புக் காரை பூசிய பழைய அக்ரகார வீடுகளுக்கு இந்த முறை பொருந்தாது. சிமெண்ட் பூசினால் சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். அங்கே பழுதுக்கும் சுண்ணாம்புக் காரையே வேண்டும்.