வெளிச்சத்தை வரைவது உங்கள் கருவிதான்

2020 ஏப்ரலில் ஃபோர்ட்நைட் என்ற இணைய விளையாட்டுக்குள் பாடகர் டிராவிஸ் ஸ்காட்டின் இசை நிகழ்ச்சி நடந்தபோது, ஒரே நேரத்தில் 1 கோடியே 23 லட்சம் பேர் உள்ளே இருந்ததாக அந்த விளையாட்டைத் தயாரிக்கும் எபிக் கேம்ஸ் அறிவித்தது. சில நிமிடங்களுக்குள் வானம் தீயாய்ச் சிவந்தது, காட்சி கடலுக்கடியில் இறங்கியது, பிறகு விண்வெளிக்குத் தாவியது. இத்தகைய நிகழ்ச்சிகளில் சிலருக்குத் திரை வெளுத்துப்போகும், நிழல்கள் துடிக்கும், இருட்ட வேண்டிய இடம் பகலாகவே நிற்கும். அதற்கு விளையாடுகிறவர்கள் சொல்லிக்கொள்ளும் காரணங்களில் பல தவறானவை.

நம்பிக்கை: கூட்டம் தாங்காமல் செர்வர் திணறுவதால்தான் வெளிச்சம் கெடுகிறது.

செர்வர் ஒரு விளக்கையும் ஏற்றுவதில்லை. யார் எங்கே நிற்கிறார், நிகழ்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற தகவலை மட்டும் அனுப்புகிறது. ஒளியையும் நிழலையும் கணக்கிட்டு வரைவது அவரவர் ஃபோனோ கணினியோ கன்சோலோதான். அதனால்தான் ஒரே வீட்டில், ஒரே மேட்சில் இருக்கும் இருவரில் ஒருவர் திரை மட்டும் மினுங்கலாம். செர்வர் திணறினால் அறிகுறிகள் வேறு: உள்ளே நுழையக் காத்திருப்பு, ஆட்கள் இடம் விட்டு இடம் தாவுவது, இணைப்பு அறுவது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ‘இரவு தொடங்கிவிட்டது’ என்ற செய்தி ஒரே ஒருமுறை போகும்படி நிரல் எழுதப்பட்டிருந்தால், தாமதமாக வந்தவருக்கு அது கிடைக்காது. அவருக்கு மட்டும் பகல் நீடிக்கும். அப்போதும் குற்றம் கூட்டத்தின் மீதல்ல, நிரலின் மீது.

நம்பிக்கை: விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு இருந்தால் இந்தத் தொல்லை வராது.

சில கோளாறுகள் நல்ல கருவியில்தான் வரும். 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட், அன்ரியல் எஞ்சின் 5.1 என்ற விளையாட்டு மென்பொருளின் லூமன் ஒளி முறைக்கு மாறியது. பிளேஸ்டேஷன் 5 போன்ற புதிய கன்சோல்களிலும் திறன்மிக்க கணினிகளிலும் மட்டுமே அது இயங்கியது. சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளியைக்கூட விளையாடும்போதே கணக்கிடும் முறை அது. நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. அதற்குள் முழுக் கணக்கும் முடியாது. ஆகவே முந்தைய ஃப்ரேம்களில் சேர்த்த ஒளியோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கிறது. சூரியன் மெல்ல நகரும் சாதாரண மேட்சுக்கு இது அருமையான ஏற்பாடு. வானமே ஒரு நொடியில் நிறம் மாறினால், போன ஒளி சுவர்களில் கறையாகத் தங்கித்தான் மறையும்.

திரையின் பிரகாசத்தைத் தானாகச் சரிசெய்யும் எக்ஸ்போஷரும், இருட்டறையிலிருந்து வெயிலுக்கு வந்த கண்போல, சற்று நேரம் கூசிவிட்டே நிதானத்துக்கு வருகிறது. மேடை விளக்குகள் இன்னொரு சுமை. ஒரு விளக்கு எல்லாத் திசையிலும் நிழல் வீழ்த்த வேண்டுமானால், வழக்கமான முறையில் சுற்றியுள்ள காட்சியை ஆறு பக்கமாக ஆறு முறை வரைய வேண்டும். பத்து விளக்கு என்றால் அறுபது. சுமை தாங்காதபோது சில விளக்குகளின் நிழலை விளையாட்டே நிறுத்திவிடும். கேமரா திரும்பத் திரும்ப, நிறுத்தப்படும் விளக்கும் மாறுவதால் நிழல் தோன்றித் தோன்றி மறைகிறது.

நம்பிக்கை: மினுங்கல் கண்ணுக்கு எரிச்சல் தரும், அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கையைக் கண்டுதான் நான் மிகவும் அஞ்சுகிறேன். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் கார்ட்டூன் தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் மாறி மாறி மின்னின. ஏறத்தாழ 700 பேர், பெரும்பாலும் குழந்தைகள், வலிப்பு போன்ற அறிகுறிகளோடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு அதற்கு முன் வலிப்பு வந்ததே இல்லை. திரையின் பெரும்பகுதி நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்று வழிகாட்டு விதிகள் சொல்கின்றன. திட்டமிட்ட மின்னலை முன்கூட்டியே சோதித்து அந்த எல்லைக்குள் நிறுத்தலாம். கோளாறால் வரும் மின்னல் எந்தத் திட்டத்திலும் இல்லை.

பிள்ளைகள் இத்தகைய நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போது அறை விளக்கை எரியவிடுங்கள், திரையிலிருந்து தள்ளி உட்காரச் சொல்லுங்கள். திரை வேகமாக மின்னத் தொடங்கினால் கண்களை மூடினால் போதாது. இமை வழியாகவும் ஒளி புகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாக மறைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.