அமுக்கத்தின் பழைய அலகுகள்: மனனம் செய்யாமல் மாற்றுவோம்

அமுக்கம் என்பது ஓரலகுப் பரப்பின் மீது செங்குத்தாகத் தாக்கும் விசை என்று சாதாரண தரத்திலேயே படித்துவிட்டோம். அதன் சர்வதேச அலகு பஸ்கால், அதாவது ஒரு சதுர மீற்றருக்கு ஒரு நியூற்றன். இந்த அலகுக்குப் பஸ்கால் என்ற பெயர் 1971இல்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்கு முன்பே உலகம் முழுவதும் கொதிகலன்களும் பம்பிகளும் மானிகளும் நிறைந்துவிட்டன. எனவே பாடப்புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போனால் பஸ்காலைக் காண்பது அரிது. டயருக்குக் காற்று அடிக்கும் இடத்தில் பி.எஸ்.ஐ., வைத்தியரிடம் மில்லிமீற்றர் இரசம், பழைய இயந்திரங்களில் சதுர சென்ரிமீற்றருக்கு இத்தனை கிலோகிராம்.

இவற்றுக்கான மாற்றீட்டு எண்களை அட்டவணையாக மனனம் செய்யும் தோழியர் பலர். எனக்கு அது வீண் வேலையாகவே படுகிறது. பழைய அலகுகள் பெரும்பாலும் இரண்டே குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒன்று, ஒரு பரப்பின் மீது வைத்த நிறை. மற்றது, ஒரு திரவ நிரலின் உயரம். எது எந்தக் குடும்பம் என்று தெரிந்தால் எண்ணை நாமே ஆக்கிக்கொள்ளலாம்.

பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர அங்குலத்தின் மீது ஓர் இறாத்தல் நிறை. ஓர் இறாத்தல் 0.4536 கிலோகிராம். அதை 9.81ஆல் பெருக்கினால் 4.45 நியூற்றன் விசை கிடைக்கும். ஓர் அங்குலம் 2.54 சென்ரிமீற்றர், ஆகவே ஒரு சதுர அங்குலம் 6.45 சதுர சென்ரிமீற்றர், அதாவது 0.000645 சதுர மீற்றர். விசையைப் பரப்பால் வகுத்தால் ஏறத்தாழ 6900 பஸ்கால். துல்லியமான பெறுமானம் 6895.

அடுத்தது சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோகிராம். இங்கேதான் முதற்பொறி இருக்கிறது. மானியின் முகத்தில் கிலோகிராம் என்று எழுதியிருந்தாலும் அது திணிவு அன்று, அத்திணிவின் நிறை. ஈர்ப்பு ஆர்முடுகல் எழுதப்படாமலே அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதை மறந்து 1ஐ 0.0001ஆல் வகுப்பவருக்கு 10,000 வரும். சரியான விடை 98,100, கிட்டத்தட்ட பத்து மடங்கு. பி.எஸ்.ஐ.யில் சொன்னால் 14.2.

யப்பானிலிருந்து வரும் பல கார்களின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் 220 என்று கிலோபஸ்காலிலும், பக்கத்தில் அடைப்புக்குள் 2.2 என்று கிலோகிராமிலும் இருக்கும். காற்று அடிப்பவரிடம் இந்த இரண்டில் எதைச் சொன்னாலும் அவருடைய மானிக்குப் புரியாது. 220ஐ 6.895ஆல் வகுத்து 32 என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது குடும்பத்துக்கு hρg சமன்பாடே போதும். தமிழில் சொன்னால் உயரம், அடர்த்தி, ஈர்ப்பு ஆர்முடுகல் மூன்றின் பெருக்கம். இரசத்தின் அடர்த்தி 13,600. ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கு 0.001 × 13,600 × 9.81, அதாவது 133 பஸ்கால். குருதியமுக்கம் 120 என்றால் 16 கிலோபஸ்கால். இரசத்துக்குப் பதில் நீரை ஊற்றியிருந்தால் அதே 120க்கு ஒன்றரை மீற்றருக்கும் அதிகமான குழாய் வேண்டியிருக்கும். வைத்தியரின் மேசையில் அது நிற்காது. பல இடங்களில் இப்போது இரசமே இல்லாத இலத்திரனியல் கருவிதான். இரசம் போய்விட்டது, அதன் மில்லிமீற்றர் போகவில்லை. பத்து மீற்றர் நீர் நிரல் சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோகிராமுக்குச் சமம் என்பதையும் நினைவில் வைத்தால், மாடித் தண்ணீர்த் தாங்கிக் கணக்குகள் வாய்க்கணக்காகிவிடும்.

பெருக்கலும் வகுத்தலும் இவ்வளவுதான். ஆனால் எண் சரியாக வந்த பிறகும் விடை பிழைக்கலாம். காரணம், அமுக்கத்துக்கு இரண்டு பூச்சியங்கள் உண்டு. காற்றுப் போன டயரில் மானி பூச்சியம் காட்டும். உள்ளே வளிமண்டல அமுக்கம், அதாவது 14.7 பி.எஸ்.ஐ., இருக்கத்தான் செய்கிறது. மானி காட்டுவது வளிமண்டலத்துக்கு மேலுள்ள மிகை மட்டுமே. வெற்றிடத்திலிருந்து அளப்பது தனி அமுக்கம். பழைய ஜெர்மன் பொறியியல் நூல்களில் அலகின் வாலில் ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். அது எந்தப் பூச்சியம் என்று சொல்லிவிடும். நல்ல வழக்கம், நாமும் பின்பற்றலாம்.

27 பாகை செல்சியசில் 30 பி.எஸ்.ஐ. காட்டும் டயர், ஓடி 57 பாகைக்குச் சூடாகிறது. கனவளவு மாறவில்லை என்போம். 30ஐ அப்படியே 330/300ஆல் பெருக்கினால் 33. அது பிழை. வாயு விதிக்குத் தனி அமுக்கமே தேவை: 44.7 × 1.1 = 49.2, அதிலிருந்து 14.7ஐக் கழித்தால் மானி காட்டப்போவது 34.5.

டயரில் ஒன்றரை பி.எஸ்.ஐ. பெரிய விடயமல்ல. உயிரியல் மாணவியர் படிக்கும் ஓட்டோகிளேவில் நிலைமை வேறு. சத்திரசிகிச்சை உபகரணங்களைக் கிருமியழிக்கும் அந்தக் கலனுக்குப் புத்தகம் சொல்லும் எண்கள் 121 பாகை, 15 பி.எஸ்.ஐ., 15 நிமிடம். அந்த 15 மானி அமுக்கம். அதை யாராவது தனி அமுக்கமாக எடுத்தால் அது வளிமண்டல அமுக்கத்தை விடச் சற்றே அதிகம்; நீர் அங்கே 100 பாகையளவில் சும்மா கொதிக்கும். அந்த வெப்பத்தில், அந்த நேரத்துக்குள், பற்றீரியா வித்திகள் எல்லாம் சாவதில்லை. உள்ளே வளி சிக்கியிருந்தாலும் இதே ஆபத்துத்தான்: மானி 15 காட்டும், அதில் ஒரு பங்கு வளியினுடையது, கொதிநீராவியின் பங்கு குறைவு, வெப்பநிலை 121ஐத் தொடாது. முதலில் வளியை வெளியேற்றச் சொல்வது இதனால்தான்.

ஒரே ஆய்வுகூடத்தில் இரண்டு ஓட்டோகிளேவ்கள், இரண்டும் 121 பாகையில். ஒன்று 103 கிலோபஸ்கால் காட்டுகிறது, மற்றது 204. எந்தக் கருவியும் பழுதில்லை. எது எந்தப் பூச்சியத்திலிருந்து அளக்கிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.