ஒரு தொடை எலும்பைக் கையில் வாங்கிப் பார்

அன்புத் தங்கைக்கு,

உன் முதல் தொடை எலும்பு மாதிரியின் படம் வந்து சேர்ந்தது. கழுத்தில் சிவப்பு, தண்டில் நீலம், அழகாக இருக்கிறது. அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். இதே போன்ற ஒரு படத்தை நானும் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்து எட்டு மாதம் மகிழ்ந்திருந்தேன். அது தப்பான படம்.

சி.டி. ஸ்கேன் நமக்குத் தருவது ஹவுன்ஸ்ஃபீல்டு எண். தண்ணீருக்குப் பூஜ்யம், காற்றுக்குக் கழித்தல் 1000. அதை அடர்த்தியாக்கி, அடர்த்தியை விறைப்பாக்கினால்தான், எலும்பைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துப் போடும் ஃபைனைட் எலிமென்ட் கணக்கே தொடங்கும். இரண்டாவது மாற்றம் நிரலில் ஒரே ஒரு வரி. ஆய்வகத்தில் எனக்கு முன்பு இருந்தவர் விட்டுப்போன நிரலிலிருந்து அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். அது முதுகெலும்புக்கு உரிய சமன்பாடு! ஒரே அடர்த்தி இருந்தாலும் பஞ்சு எலும்பின் விறைப்பு உடம்பில் இடத்துக்கு இடம் மாறும் என்பதை எலிஸ் மார்கன், ஹாருன் பைராக்தர், டோனி கீவனி மூவரும் 2003-லேயே சோதித்துக் காட்டியிருந்தார்கள். அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 0.3 கிராம் என்று வைத்து அவர்களுடைய சமன்பாடுகளில் போட்டுப் பார். முதுகெலும்புக்கு ஏறக்குறைய 720 மெகாபாஸ்கல் வரும், தொடைக் கழுத்துக்கு 1,140. ஒன்றரை மடங்குக்கும் மேல். அந்தத் துண்டுகளின் வலையான மெஷ்ஷை எவ்வளவு பொடியாக்கினாலும் இந்தப் பிழை கரையாது.

ஆகவே நிரலில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பூர்வீகம் எழுதி வை. எந்த எலும்பு, கொடுத்தவர்களுக்கு என்ன வயது, ஈரமாக வைத்துச் சோதித்தார்களா, துண்டின் இரு முனைகளையும் எப்படிப் பிடித்தார்கள் என்று எல்லாம். ஸ்கேன் எடுக்கும்போது நோயாளிக்கு அடியில் அடர்த்தி தெரிந்த ஒப்பீட்டுப் பொருளான ஃபான்டம் இருந்ததா என்று கேள். இயந்திரம் மாறினால், எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம் மாறினால், அதே எலும்புக்கு எண் மாறும்.

இன்னொன்று, உன் கைடு சொல்லாவிட்டாலும் செய்: உடல் தானமாக வந்த ஒரு தொடை எலும்பைக் கையில் வாங்கிப் பார். நீளவாக்கில் அறுத்த துண்டு கிடைத்தால் கழுத்தின் கீழ்ப்புறச் சுவரையும் மேல்புறச் சுவரையும் விரலால் தடவு. கீழே தடிப்பு. மேலே, வயதானவர் என்றால், முட்டை ஓட்டைப் போல மெல்லிசு. நிற்கும்போதும் நடக்கும்போதும் அழுத்தம் கீழ்ச்சுவரில் விழுகிறது. நடை அதைக் காப்பாற்றி வைக்கிறது. பக்கவாட்டில் விழும்போதோ அந்த அழுத்தம் இடம் மாறி, பல ஆண்டுகளாகச் சுமை காணாமல் இளைத்துப்போன மேல்சுவரில் இறங்குகிறது. முதுமையில் இடுப்பு ஏன் முறிகிறது என்பதை இவ்வளவு தெளிவாக எந்த வரைபடமும் எனக்குச் சொன்னதில்லை. நிற்கும் நிலைக்கு மட்டும் சுமை கொடுத்து ‘இந்த எலும்பு வலுவாக இருக்கிறது’ என்று ஒரு நாளும் எழுதாதே.

விழும் நிலைக்கு ஆய்வகங்களில் ஒரு வழக்கமான அமைப்பு உண்டு: தண்டு கிடைமட்டத்துக்கு 10 டிகிரி, கழுத்து உள்முகமாக 15 டிகிரி. ஒப்பிட்டுப் பார்க்க வசதியானது, வைத்துக்கொள். ஆனால் இருட்டில் குளியலறைக்கு எழுந்து போகும் பாட்டி அந்தக் கோணத்தில் விழுவார் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. கோணத்தை மாற்றி மாற்றி ஓட்டு. எது மிகக் குறைந்த விசையில் முறிக்கிறதோ அதையும் ஆய்வேட்டில் சொல். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

வலிமைக் கணக்கைக் கொண்டுபோய் ‘முறிவு அபாயம்’ என்று பெயரிடும் ஆசை ஆய்வின் மூன்றாம் ஆண்டில் வரும். எலும்பு எத்தனை நியூட்டன் தாங்கும் என்பது ஒரு கேள்வி. அந்த ஆள் விழுவாரா, விழுந்தால் இடுப்பைச் சுற்றியுள்ள சதை எவ்வளவு விசையை வாங்கிக்கொள்ளும் என்பது வேறு. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் எலும்புப்புரைக்கு வகுத்த கோடு, டி-ஸ்கோர் (எலும்பு அடர்த்தியை இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் எண்) கழித்தல் 2.5. அதைத் தொடாதவர்களுக்கும் ஏராளமாக முறிகிறது. ஷெஃபீல்டில் ஜான் கானிஸ் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஃப்ராக்ஸ் கணிப்பான் வயது, எடை, பெற்றோரின் இடுப்பு முறிவு, புகை, ஸ்டீராய்டு எல்லாம் கேட்டு அடுத்த 10 ஆண்டு அபாயத்தைச் சொன்னது. கடந்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தீர்கள் என்று அது கேட்கவில்லை. நம் மாதிரியும் கேட்பதில்லை. எலும்பு மருத்துவரின் புறநோயாளிப் பிரிவில் மாதம் ஒரு காலை உட்கார அனுமதி வாங்கு. அங்கே கண் மங்கியவர்களையும், தூக்க மாத்திரை எடுப்பவர்களையும், கைப்பிடி இல்லாத படிக்கட்டு வீட்டுக்காரர்களையும் பார்ப்பாய். அவர்கள் யாரும் உன் மெஷ்ஷில் இல்லை.

அடுத்த கடிதத்தில் வண்ணப்படம் வேண்டாம். உன் ஃபான்டம் அளவீட்டு எண்களையும், அடர்த்தியிலிருந்து விறைப்புக்குப் போகும் அந்த ஒரு வரியையும் அனுப்பு. இரண்டையும் உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா