ஏலத்துக்குக் கொடுத்த பொருள் என்ன விலை போனது? கேளுங்கள்

மன்னார்த் தீவில் திருவிழா வந்தால் ஏலமும் கூடவே வரும். பேசாலை, தாழ்வுபாடு, பள்ளிமுனை, தலைமன்னார், பாலத்தைத் தாண்டினால் வங்காலை என்று கரையோரப் பங்குகளில் சனம் நேர்த்திக்கும் நன்றிக்குமாகப் பொருள் கொண்டுவந்து கொடுக்கும். ஆடு, சேவல், வாழைக்குலை, புதுத் தென்னையின் முதல் காய், நல்ல பாடு கிடைத்தவர் கொண்டுவரும் அறக்குளா மீன், வீட்டில் சுட்ட பலகாரம் எல்லாம் வரும். ஆலய வளவில் அவற்றை ஏலம் கூறி, வருகிற காசைக் கூரை திருத்தவோ படிக்கிற பிள்ளைகளுக்கோ ஒதுக்குவார்கள். நான் கொடுப்பது பனையோலை வேலை: மூடிப்பெட்டி, கடகம், சுளகு, பாய். ஏலக் கொப்பி எழுதும் மேசையிலும் இருந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே சொல்கிறேன்.

பொருளைக் கொடுத்தவர்களில் பலர் பிறகு அதைப்பற்றி வாய் திறப்பதில்லை. கொடுத்ததை விசாரிப்பது அழகில்லை என்று நினைக்கிறார்கள். தருமத்தைத் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்ற வேதபோதனையில் வளர்ந்த ஊர் இது. அந்தப் போதனையை நானும் மதிக்கிறேன். ஆனால் பேர் சொல்லிப் புகழக் கேட்பது வேறு, என்ன நடந்தது என்று அறியக் கேட்பது வேறு. குருத்தோலையைக் காயவைத்து, வார்ந்து, சாயம் போட்டு, ஒரு மூடிப்பெட்டியைப் பின்னி முடிக்க நாட்கள் போகும். ஓலைக்கும் சாயத்துக்கும் போன காசுகூட ஏலத்தில் வரவில்லை என்றால், அந்தக் காசை நேரே உண்டியலில் போட்டிருந்தால் ஆலயத்துக்குக் கூடுதல் பயன். விலையை அறியாமல் இதை எப்படி முடிவு செய்வது?

கொடுக்கும்போதே வழி செய்யுங்கள்

பிறகு விசாரிப்பதில் பாதி வேலை பொருளைக் கையளிக்கும்போதே முடிந்துவிடும். ஒரு சிறு அட்டையில் பொருளின் பெயர், உங்கள் பெயர், தொலைபேசி இலக்கம் எழுதிக் கட்டிவிடுங்கள். பெயர் வேண்டாம் என்றால் ஓர் அடையாளக் குறியாவது போடுங்கள். கொப்பியில் அதற்கு என்ன இலக்கம் விழுந்தது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ‘பெட்டி’ என்று மட்டும் எழுதினால் பத்துப் பெட்டிக்குள் உங்களுடையது தொலைந்துபோகும். ‘சிவப்பு, பச்சைக் கரை போட்ட மூடிப்பெட்டி, நடுத்தரம்’ என்று எழுதச் சொல்லுங்கள். ஏலம் கூறுபவருக்கும் அது உதவும். அவர் பொருளைத் தூக்கிக் காட்டிச் சொல்வதற்கு நாலு வார்த்தை கிடைக்கும்.

முடிந்தால் நேரில் நின்று பாருங்கள்

கடைசி விலையை மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் தெரியும். எத்தனை பேர் கேட்டார்கள், எந்த இடத்தில் ஒருவர் விலகினார் என்பதில்தான் மீதி இருக்கிறது. எங்கள் கரையில் இது யாருக்கும் புதிதல்ல. விடியலில் தோணிகள் வந்ததும் மீனைக் குவித்து ஏலம் கூறும்போது, வாங்க வந்த வியாபாரி ஒருவர் மட்டும் என்றால் விலை எழும்பாது. இரண்டாவது ஆள் வந்து நின்றதும் ஏறும். பொருளியல் அறிஞர் வில்லியம் விக்ரி 1961இல் எழுதிய ஆய்வில் இதைக் கணக்காகவே நிறுவினார்: ஏறிச்செல்லும் ஏலத்தில் வென்றவர் கொடுப்பது, ஏறத்தாழ அவருக்கு அடுத்தவர் எந்த அளவுக்குப் போகத் துணிந்தாரோ அந்த விலைதான். ஆகவே ‘மூன்றாம் தரம்’ விழுந்த தொகையோடு, போட்டிக்கு நின்றவர்கள் எத்தனை பேர் என்பதையும் கவனியுங்கள். நேரில் நிற்க முடியாவிட்டால் நிற்கும் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

யாரிடம், எப்போது கேட்பது

திருவிழா அன்று இரவு கேட்காதீர்கள். கொப்பி எழுதியவரும் ஏலம் கூறியவரும் களைத்திருப்பார்கள். காசும் முழுதாக வந்திராது. கணக்கு முடிக்கச் சில நாள் விட்டு, கொப்பி வைத்திருப்பவரையே தேடிப் போங்கள். பங்குத்தந்தையை இதற்காக அலைக்கழிக்க வேண்டாம். கேட்கும் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

“தம்பி, நான் தந்த மூடிப்பெட்டி எவ்வளவுக்குப் போனது? வாற வருசம் என்ன பின்னித் தரலாம் எண்டு பாக்கத்தான் கேக்கிறன்.”

“நில்லுங்கோக்கா, கொப்பியப் பாத்துச் சொல்லுறன்.”

இவ்வளவுதான் விசயம். வாங்கியவர் யார் என்பதை மட்டும் வற்புறுத்திக் கேட்காதீர்கள். சிலர் வெளியே தெரியாமல் வாங்கவே விரும்புவார்கள். 2021இல் இந்தியப் பிரதமருக்குக் கிடைத்த பரிசுகளைக் கங்கைத் தூய்மைத் திட்டத்துக்காக ஏலம் விட்டபோது, ஈட்டியெறிதல் வீரர் நீரஜ் சோப்ராவின் ஈட்டி ஒன்றரைக் கோடி இந்திய ரூபாய்க்கும், தமிழகத்தின் வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவியின் வாள் 1.25 கோடிக்கும் போயின. விலை உடனே வெளிவந்தது. ஈட்டியை வாங்கியது இந்தியக் கிரிக்கெட் வாரியம் என்பது செய்தியானது அடுத்த ஆண்டில்தான். விலையை அறிவது கொடுத்தவருக்குப் போதும்.

விலையைப் படிக்கப் பழகுங்கள்

குறைந்த விலை உங்கள் கைவேலைக்குக் கிடைத்த தீர்ப்பு அல்ல. ஒரே மாதிரிப் பொருள் அடுத்தடுத்து வந்திருக்கலாம். வசதியுள்ளவர்கள் வீட்டுக்குப் போன பிறகு உங்கள் இலக்கம் வந்திருக்கலாம். அதேபோல் கூடிய விலையும் பொருளின் பெறுமதி அல்ல. விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தல் முருகன் கோயிலில் 2024ஆம் ஆண்டுப் பங்குனி உத்திரத்தின்போது, வேலில் குத்திய ஒன்பது எலுமிச்சம்பழங்கள் 2.36 லட்சம் இந்திய ரூபாய்க்கு ஏலம் போயின. பிள்ளை வரம் வேண்டியவர்கள் கொடுத்த விலை அது. எங்கள் வளவிலும் ஒரு தேங்காய் கடை விலையைப் போலப் பல மடங்குக்குப் போகும். கேட்டவர் மனத்தில் ஒரு நேர்த்தி இருக்கும். இப்படிப்பட்ட விலையை வைத்து அடுத்த ஆண்டுக்குக் கணக்குப் போடாதீர்கள். வழமையாக எது நல்ல விலைக்குப் போகிறது என்று பாருங்கள்.

எனக்கு அப்படித் தெரிய வந்தது இது: பெரிய பாய்க்குப் போட்டி குறைவு, சிறு மூடிப்பெட்டிக்குக் கூடுதல். காரணத்தை வாங்கியவர்களே சொன்னார்கள். ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவை ஒட்டி வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகளுக்குப் பயணப் பெட்டிக்குள் அடங்கும் சாமான்தான் வேண்டும். இப்போது பாய் பின்னும் நேரத்தில் சிறு பெட்டிகளைப் பின்னிக் கொடுக்கிறேன். அதே ஓலை, அதே உழைப்பு. ஆலயத்துக்குக் கூடுதலாகச் சேர்கிறது.

ஏலம் நடத்துகிறவர்களுக்கு

நிதி திரட்ட என்று ஓர் அமைப்புக்கு ஒருமுறை பனையோலைச் சாமான்கள் கொடுத்தேன். விற்றதா, தங்கியதா என்று பலமுறை கேட்டும் பதில் வரவில்லை. காசை யாரும் எடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மௌனத்துக்குப் பிறகு அங்கே கொடுக்க மனம் வரவில்லை.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் சொல்கிறேன். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் போன் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பழைய தரும மருத்துவமனைக்கு நூற்றாண்டுகளாக மக்கள் எழுதிவைத்த திராட்சைத் தோட்டங்களின் வைனை 1859 முதல் ஏலம் விட்டு வருகிறார்கள். கொடையாளிகளின் பெயர்களை அந்த வைன் வகைகள் இன்றும் தாங்கி நிற்கின்றன, விலைகளும் வெளியாகின்றன. 2022இல் ஒரு பீப்பாய் மட்டும் 810,000 யூரோவுக்குப் போனதை உலகமே அறிந்தது.

எங்கள் பங்குகளுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. பொருள், இலக்கம், ஏலம் போன தொகை, கைக்கு வந்த தொகை என்று நான்கு நிரல் போட்ட ஒரு தாளை ஆலய அறிவித்தல் பலகையில் ஒட்டினால் போதும். ஏலம் போன தொகையையும் கைக்கு வந்த தொகையையும் பிரித்துக் காட்டுவது முக்கியம். அன்று உற்சாகத்தில் கேட்டவர் காசைப் பிறகு தருகிறேன் என்பது எங்கும் நடப்பதுதான்; பலகையில் தாள் இருந்தால் பாக்கியும் சுணங்காமல் வந்து சேரும். சேர்ந்த காசில் என்ன வேலை நடந்தது என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள்.

விலையைக் கேட்டு அறிந்துகொண்டதால் கொடுப்பதை நிறுத்தியவர் எவரையும் நான் காணவில்லை; பதில் கிடைக்காமல் நிறுத்தியவர்களைக் கண்டிருக்கிறேன். ஆகவே, வருகிற திருவிழாவுக்குப் பொருள் கொடுப்பவர்கள் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கணக்கு முடிந்ததும் போய்க் கேளுங்கள். கொப்பி வைத்திருப்பவர்கள், யாரும் கேட்கும் முன்பே தாளை ஒட்டிவிடுங்கள்.